விருந்தாளிக்கு முதல் அடி

எதிராளியை "வாங்க, வாங்க" என்று வரவேற்று, அவர் ஒரு அடி அடிக்கும்வரை சும்மா நின்றுவிட்டு, அதன் பிறகு அவரை நையப் புடைத்த ஒரே வீரர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் சம்பந்திதான். உலகம் என்பது மிகை என்று நினைப்பவர்கள் கடலூர் மாவட்டம் என்று திருத்திக்கொள்ளலாம். சிதம்பரம் என்றால் சத்தியமே செய்வேன்.

சம்பந்தி யாருக்கும் சம்பந்தி அல்ல. நாங்கள் பழகிய காலத்தில் அவருக்கு வயது நாற்பதுக்குள். ஒரே மகள், ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய உண்மையான பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நிருபர் வேலையில் இருப்பவன் செய்யக் கூடாத தவறு அது. அவர் விஷயத்தில் நான் செய்த தவறுகளில் அதுதான் சின்னது.

ஊர் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன். மீனவக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் கடல் ஒத்துக்கொள்ளாத முதல் ஆள் அவர். படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். கரையில் நின்றுகொண்டிருந்த படகில் ஏறி உட்கார்ந்து ஒருமுறை வாந்தி எடுத்ததை மட்டும்தான் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே கடலை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் சேர்ந்தார். கல்யாண மண்டபங்களில் பந்தியை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது, யாருக்கு ரசம் போகவில்லை, எந்தப் பெரியவர் கோபமாக இருக்கிறார், எல்லாம் அவர் பொறுப்பு. முந்நூறு இலையில் எந்த இலைக்கு அப்பளம் வரவில்லை என்பதை வாசல்படியில் நின்றே சொல்லிவிடுவார்.

முகூர்த்த நாட்களில் பகல் மூன்று மணிக்கு, சட்டையில் சாம்பார் வாசனையோடு, பாய் சென்டரின் படியேறி வருவார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் காலையிலேயே வந்துவிடுவார்.

பாய் சென்டர் என்பது கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜூஸ் கடைக்கு மேலே இருந்த வீடியோ கேம் சென்டர். பாய் லால்பேட்டைக்காரர். துபாயில் பதினோரு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது மற்றவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள், இவர் இரண்டு கேம் மிஷின் கொண்டுவந்தார். இரண்டு டிவி, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு மின்விசிறி. அதன் காற்று இரண்டாவது நாற்காலிக்கு மட்டும் வரும். நான் அப்போது ஒரு நாளிதழின் சிதம்பரம் நிருபர். பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் சிதம்பரத்தில் செய்தி எதுவும் நடப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் இரண்டாவது நாற்காலியில் இருப்பேன்.

சண்டை விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. ஒரு கம்பெனியின் விளையாட்டில் இருக்கிற வீரர்களும், அதற்குப் போட்டியான இன்னொரு கம்பெனியின் வீரர்களும் ஒரே விளையாட்டில் வந்து மோதிக்கொள்வார்கள். இது போதாதென்று, இரண்டு கம்பெனியையும் சேராத ஒரு ஆள், பேய்க் கதையிலிருந்தோ கார் ரேஸிலிருந்தோ கிளம்பி வந்து நடுவில் சண்டை போடுவார். இன்னும் சிலர் சண்டையே போடாமல், பின்னால் தெருவோரத்தில் நின்று தலையை மட்டும் காட்டிவிட்டுப் போவார்கள். எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. சம்பந்தி அதைப் பார்த்த முதல் நாளே டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, விளையாட்டு வட்டு வந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல மாப்ள வூடு எது பாய்?"

"இன்னாது?"

"ரெண்டு கம்பெனியும் சேந்து பண்ணியிருக்கானுங்கல்ல? அப்ப ஒருத்தன் மாப்ள வூடு, ஒருத்தன் பொண்ணு வூடுதான்? பேரு எவன் முன்னாடி போட்டிருக்கானோ அவன் மாப்ள வூடு. இந்தக் குடுமிக்காரன், முண்டாசு, பனிக்கட்டி அக்கா, இவுங்கள்லாம் மாப்ள வூடு. அந்தாண்ட நிக்கறவுங்க பொண்ணு வூடு."

"சரி, நடுவுல லாந்தர் வெச்சிக்கினு நிக்கிறானே, அவன் யாரு?"

"அவன் ரெண்டு வூட்டுக்கும் சேராதவன். வெளியூரு. விருந்தாளி."

"அல்லாவே, அடிச்சிக்கறதுக்கு வந்தவனுங்களுக்குச் சொந்தம் கட்டி வுடுறான் பாரு. சம்பந்தி, நீ மொதல்ல ஒக்காரு" என்றார் பாய். அன்றிலிருந்து அவர் சம்பந்தி.

அந்த வீரர்களுக்கெல்லாம் ஜப்பானில் முறையான பெயர் இருந்தது. எங்களுக்கு வாயில் நுழையவில்லை. சம்பந்தி வைத்த பெயர்களே சிதம்பரத்தில் நிலைத்தன.

பின்னால் தலைகாட்டுகிறவர்கள் விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு எண்ணுவார். எந்தச் சந்தையில் யார் நிற்கிறார், அவர் எந்த விளையாட்டிலிருந்து வந்தவர், சாப்பிடுகிறாரா, சும்மா நிற்கிறாரா என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தார். "கப்பல் துறை: மொத்தம் ஒம்பது பேர். தெரிஞ்சவுங்க நாலு. கையில ஒண்ணும் இல்லாம நிக்கறவுங்க ரெண்டு" என்று ஒரு பக்கத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படி எண்ணும்போதுதான் ராஜா பிரச்சினை வெடித்தது. கப்பல் துறை மேடையில், பின்னால் ஒரு மீசைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வேறொரு பழைய விளையாட்டில் ராஜா. கோட்டை, கொடி, குதிரை எல்லாம் உள்ளவர். இது தெரிந்ததும் சம்பந்தி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"ராஜாவ ஸ்டூல்ல ஒக்கார வெச்சிருக்கானுவ மச்சான்."

"அவர் இதுல சும்மா வந்துட்டுப் போறாரு மாமா. ரெண்டு செகண்டு."

"ரெண்டு செகண்டு வந்தாலும் வந்தவரு வந்தவருதான? நாங்க மண்டபத்துல இப்பிடி ஒரு ஆள ஸ்டூல்ல ஒக்கார வெச்சா இன்னா ஆவும் தெரியுமா? பாதி சனம் கைய கழுவிக்கினு எழுந்து போயிடும். நீ பேப்பர்காரன்தான? ஒரு லெட்டர் எழுது."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு. ஜப்பானுக்கு."

எழுதினேன். என் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் எழுதிய மிகப் பணிவான கடிதம் அது. மேற்படி மன்னரின் தகுதிக்கேற்ற இருக்கை தரப்படவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம் என்ற பொருளில், ஒரு பக்கம். அட்டையில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. சம்பந்தி ஆறு மாதம் தினமும் "வந்துச்சா?" என்று கேட்டார்.

அடுத்த வருடம் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. பாய் வட்டைப் போட்டார். கப்பல் துறை. மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி வைத்த நாற்காலி.

இது தற்செயல் என்று பாய் சொன்னார், நான் சொன்னேன், சென்டருக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். சம்பந்தி வாதம் செய்யவில்லை. மறுநாள் ஒரு மண்டபத்திலிருந்து ஒரு டப்பா நிறைய லட்டு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். "ராஜா ஒக்காந்துட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

இனி அவர் விளையாடும் முறை. அவருக்கு எதிரே யாராவது விருந்தாளி வீரரைத் தேர்ந்தெடுத்தால், ஆட்டம் தொடங்கியதும் தன் வீரரை இரண்டு முறை உட்கார்ந்து எழ வைப்பார். பட்டனை இரண்டு தரம் கீழே அழுத்தினால் ஆயிற்று. அதற்கு அர்த்தம் "வாங்க, வாங்க". பிறகு அப்படியே நிற்பார். விருந்தாளி முதல் அடி அடிக்க வேண்டும். ஒழுங்கான விருந்தாளியாக இருந்தால் பூவால் தொடுவதுபோல் ஒரு தட்டு தட்டிவிட்டு, அரை அடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். அதன் பிறகுதான் சண்டை. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. அவரை ஜெயித்தவர்கள் சிதம்பரத்தில் மிகக் குறைவு.

சிக்கல் என்னவென்றால், சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களிடையே உலகம் முழுக்க அப்படி உட்கார்ந்து எழுவது கேலி. "நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று கேட்பதற்குச் சமம். புதிதாக வந்த ஒரு பல்கலைக்கழக மாணவன் இதில் சிக்கினான். எம்.எஸ்சி. படித்ததால் அவனுக்குப் பெயரே எம்.எஸ்சி. பண்ருட்டிப் பையன், சூடான ரத்தம். சம்பந்தியின் குடுமிக்காரர் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"இன்னாண்ணா, மொத ஆட்டத்துலயே கலாய்க்கிற? யார்னு நெனச்ச என்ன?"

"விருந்தாளின்னு நெனச்சேன் தம்பி."

"பாத்தியா, மறுபடியும்!"

"சரி, உனக்குப் புடிக்கலைன்னா எழுந்திருக்காம ஒக்காந்தே இருக்கச் சொல்லட்டா?"

பாய் நடுவில் வந்து, ஜூஸ் கடையிலிருந்து மூன்று சாத்துக்குடி வரவழைத்து, விஷயத்தை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு எம்.எஸ்சி. சொன்னான்: "புரியுது. ஆனா இது சண்டைண்ணா. பந்தி இல்ல."

சம்பந்தி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

பாய் சென்டரில் ஒரு கரும்பலகை இருந்தது. மூடிப்போன ஒரு டுட்டோரியலிலிருந்து பாய் தூக்கி வந்தது. அதில் விதிகள் எழுதியிருக்கும். ஒன்று, செருப்பை வெளியே விடவும். இரண்டு, ஜாய்ஸ்டிக்கை வீசக் கூடாது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் சென்டரில் ஒரு போட்டி நடக்கும். கோப்பை கிடையாது. ஜெயிக்கிறவர் அந்தப் பலகையில் ஒரு விதி எழுதலாம், அல்லது இருக்கிற ஒரு விதியை அழிக்கலாம். அடுத்த பெருநாள்வரை சென்டருக்கு அதுதான் சட்டம். பாய் அதை மீறவிட மாட்டார்.

முதல் வருடம் சம்பந்தி ஜெயித்தார். சாக்கட்டியை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணலான எழுத்தில் எழுதினார்: "3. விருந்தாளிக்கு முதல் அடி." இரண்டாவது வருடமும் அவரே ஜெயித்தார். எதுவும் எழுதவில்லை. மூன்றாவது விதியின் மேல் சாக்கட்டியால் இன்னொரு தடவை அழுத்தி ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மண்டபத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு பந்தி முடியும்வரைதான். வீட்டில் அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகாதவனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்த உலகத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தை சட்டமாக இருந்த ஒரே இடம் அந்தப் பலகை. இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வருடம் எம்.எஸ்சி. வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். "நான் ஜெயிச்சா மூணாம் நம்பர அழிச்சிடுவேன்." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விருந்தாளிக்காக நின்று நின்று அவன் வகையறாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ அரை இறுதி தாண்டி வா தம்பி, பேசலாம்" என்றார் சம்பந்தி.

அதற்கு முந்தைய மார்கழியில் ஒருநாள் மத்தியானம், சென்டரில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் லாந்தர்க்காரனை வைத்து ஏதோ முயற்சி செய்துகொண்டிருந்தார். யாரும் தேர்ந்தெடுக்காத ஆள் அவன். மெதுவாக நடப்பான், லாந்தரை ஆட்டுவான், செத்துப்போவான். அவ்வளவுதான்.

"மச்சான், இங்க பாரு. யாருக்கும் சொல்லாத."

அவர் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பட்டன்களை அழுத்தினார். லாந்தர்க்காரன் ஒரு அடி அடித்தான். அது பட்டதும் இரண்டாவது, மூன்றாவது, நிற்கவே இல்லை. இருபத்திரண்டு அடி. எதிரே நின்றவன் தரையில் கால் வைக்காமலே செத்துப்போனான்.

"மொத அடி சும்மா நிக்கிறவன் மேல பட்டாத்தான் இது வேல செய்யும். ஆடுறவன் மேல படாது" என்றார். "நம்ம ரூலுக்கு இவன் ஒருத்தன்தான் எமன். விருந்தாளியாச்சே, நின்னுதான ஆவணும்? நல்ல வேள, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே மாமா."

"நீ நம்ம ஆளு" என்றார்.

அந்த வருடம் எம்.எஸ்சி. அரை இறுதியில் என்னிடம் தோற்றான். இறுதி ஆட்டம் சம்பந்திக்கும் எனக்கும். பகல் பதினொன்றரை மணி. சென்டரில் இருபது பேருக்கு மேல். பாய் வீட்டிலிருந்து பெருநாள் பிரியாணி வந்திருந்தது, ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு என்று பாய் சொல்லியிருந்தார். சம்பந்தி ஒரு இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்து ஜன்னல்மேல் வைத்திருந்தார். மூன்று ரவுண்ட், இரண்டு ஜெயித்தால் போதும்.

எனக்குப் பலகையில் எழுத எந்த விதியும் இல்லை. அழிக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மூன்று வருடமாக ஒருமுறைகூட அவரை ஜெயித்ததில்லை. நான் லாந்தர்க்காரனைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாடா பேப்பரு, பயத்துல தப்பா அமுக்கிட்டியா?" என்றான் எம்.எஸ்சி.

சம்பந்தி சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தார். மண்டபத்தில், ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் பார்ப்பாரே, அப்படி.

ஆட்டம் தொடங்கியது. குடுமிக்காரர் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். வாங்க, வாங்க. பிறகு நின்றார். ஒரு தட்டு தட்டிவிட்டு அரை அடி பின்னால் நகர எனக்கு நேரம் இருந்தது. வேண்டிய அளவு இருந்தது. நான் அந்த வரிசையில் பட்டன்களை அழுத்தினேன். இருபத்திரண்டு.

சென்டரே கத்தியது. எம்.எஸ்சி. என் முதுகில் அறைந்தான். அந்தச் சத்தத்தில், முதல் ரவுண்ட் கைதவறி நடந்தது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது ரவுண்ட் தொடங்கியது. இப்போது அவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அவர் நகர்ந்தால் போதும். ஒரு எட்டு. சும்மா ஆடிக்கொண்டிருந்தாலே அந்த அடி படாது. விதியைப் போட்டவரே அவர்தான், அவர் மீறினால் கேட்க ஆளில்லை. பாயே பின்னாலிருந்து, "சம்பந்தி, நகருப்பா!" என்று கத்தினார்.

குடுமிக்காரர் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். நின்றார்.

அதையும் அடித்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் திரும்பத் திரும்ப நினைப்பது முதல் ரவுண்டை அல்ல. இந்த இரண்டாவதை.

யாரோ என் கையில் சாக்கட்டியையும் டஸ்டரையும் திணித்தார்கள். "அழிடா, அழிடா" என்று எம்.எஸ்சி. வகையறா கத்தியது. நான் எழுந்து பலகை வரைக்கும் போனேன். கை வரவில்லை. சம்பந்தி வந்து டஸ்டரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"எழுதுனவன் அழிக்கறதுதான் மரியாத மச்சான்."

"வேணாம் மாமா. நான் அழிக்கச் சொல்லலியே."

"நீ சொல்லணுமா? இனிமே எல்லாரும் லாந்தரத்தான எடுப்பானுங்க. ஒரு வூட்டுல விருந்தாளிக்குப் பயந்துக்கினு நிக்கற மாரி ஆயிடுச்சுன்னா, அப்புறம் அந்த ரூலு எதுக்கு?"

வலமிருந்து இடமாகத் துடைத்தார். எழுத்துகள் போயின. ஓரத்தில் இருந்த "3." மட்டும் விட்டுப்போயிற்று. கவனிக்காமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியாது. கை தட்டி சாக்கட்டிப் பொடியை உதறினார். ஜன்னல்மேல் இருந்த பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஜெயிச்சவனுக்குன்னு கொண்டாந்தது" என்றார். மாடிப்படியில் இறங்கினார்.

"பிரியாணி சாப்ட்டுப் போ சம்பந்தி!" என்றார் பாய்.

"கடலூர்ல ஒரு வேல இருக்குது பாய்."

பெருநாளுக்கு மறுநாள், முகூர்த்தமும் இல்லாத நாளில், அவருக்குக் கடலூரில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பந்தியிலிருந்து சாப்பிடாமல் போகிற ஆளை ஒருநாளும் விடாதவர், சாப்பிடாமல் போனார். பிறகு அவர் சென்டருக்கு வரவே இல்லை.

அவரைத் தேடினேன் என்று எழுத ஆசைதான். தேடவில்லை. அவரே வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருப்பது வசதியாக இருந்தது. ஒரு வருடம் கழித்துக் காட்டுமன்னார்கோயிலில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம். செய்தி சேகரிக்க அல்ல, சாப்பிடத்தான் போயிருந்தேன். பந்தி வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"மாமா!"

"வாங்க சார். இப்பிடி ஒக்காருங்க."

விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார வைத்தார். எனக்குக் காற்று வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. அவரே நின்று கவனித்தார். சாம்பார் இரண்டு முறை வந்தது. அப்பளம் கேட்காமல் வந்தது. பாயசம் போதும் என்று கையை மறித்த பிறகும் அரைக் கரண்டி விழுந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மோருக்கு முன்னால் எப்படியும் பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, அன்னைக்கு நான் பண்ணது..."

"மோர் ஊத்தட்டுங்களா சார்?"

அந்த "சார்" இருபத்து மூன்றாவது அடி. அவருக்கு நான் ரவுண்டுக்குக் கொடுத்தது இருபத்திரண்டு என்றால், கணக்கு அவர் பக்கம் ஒன்று கூடுதல். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பாய் சென்டர் அதற்கப்புறம் இரண்டு வருடம்தான் ஓடியது. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. பாய் இப்போது லால்பேட்டையில் செல்போன் உறையும் கண்ணாடியும் விற்கிறார். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கடைக்குப் பின்னால் சாமான்களுக்கு நடுவில் கரும்பலகை சாய்த்துவைத்திருந்தது. அழுக்குப் படிந்திருந்தும் ஒன்றாம், இரண்டாம் விதிகள் படிக்கிற மாதிரி இருந்தன. அவற்றுக்குக் கீழே வெறும் "3."

"அந்த வருசம் நீதான் ஜெயிச்ச. அதுல ஏதாவது எழுதியிருக்கலாம்ல?" என்றார் பாய்.

"எழுதத் தோணல பாய். சம்பந்தி எப்பிடி இருக்காரு?"

"நல்லாருக்கான், அல்ஹம்துலில்லாஹ். பொண்ணு செம்மங்குப்பத்துல கம்பெனில வேலைக்குப் போவுது. மொத சம்பளத்துல அப்பனுக்கு கேம் மிஷின் வாங்கிக் குடுத்துச்சாம். வூட்டுல ஒக்காந்துக்கினு நெட்டுல எவன் எவனோடயோ ஆடறானாம். கேட்டா, எல்லாம் வெளியூர்க்காரங்க பாய், பாத்துத்தான் ஆடணும்ங்கறான்."

"நம்பர் இருக்கா?"

"இருந்துச்சு. போன மாத்திட்டான்."

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் மிஷினைப் போட்டேன். அந்த விளையாட்டின் புதுப் பாகம். நெட்டில் முன்பின் தெரியாத யாருடன் வேண்டுமானாலும் ஆடலாம். வீரர் பட்டியலில் லாந்தர்க்காரன் திரும்ப வந்திருந்தான். ஏனோ அவன்மேல் விரல் நின்றது. எதிராளியின் பெயர் இருக்கும் இடத்தில் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். பக்கத்தில் இந்தியக் கொடி. எதிராளி குடுமிக்காரரைத் தேர்ந்தெடுத்தார்.

ஆட்டம் தொடங்கியது. குடுமிக்காரர் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். நெட்டில் எல்லாரும் செய்கிற கேலிதான், எனக்குப் பழக்கம். பிறகு அவர் நின்றார். நகரவில்லை. திரையின் மேலே கடிகாரம் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறு. எண்பத்தைந்து. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

செய்திக்காரன் என்ற முறையில் யோசித்தேன். அவருக்கு நெட் நின்றுபோயிருக்கலாம். வாசலில் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கலாம். ஜாய்ஸ்டிக்கில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் சாத்தியம் உண்டு. நான்காவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அந்தப் பட்டன் வரிசை என் விரல்களுக்கு இன்னும் மறக்கவில்லை. விரல்களை அதிலிருந்து எடுத்தேன். லாந்தர்க்காரனை மெதுவாக நடத்திக் கொண்டுபோய், குடுமிக்காரரின் தோளில் ஒரு தட்டு தட்டினேன். பூவால் தொடுகிற மாதிரி. தட்டிவிட்டு, அரை அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் என்னை அடித்த அடி இருக்கிறதே, நான் திரும்பக் கை ஓங்கக்கூட முடியவில்லை. இரண்டு ரவுண்டிலும் அதே. நான் தட்டினேன், நகர்ந்தேன், செத்தேன். எனக்கே தெரியாமல் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்போல. உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"யாரோடங்க ஆடிக்கிட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சவரு" என்றேன்.

பதினாறு வருடப் பத்திரிகை வேலையில், உறுதிப்படுத்தாமல் நான் வெளியிட்ட ஒரே செய்தி அது.